வடசென்னைப் பட்டாளக் கதை – 17: மறுபடியும் சிப்பாய்

சென்ற வாரம் பின்னி ஆலையின் காக்கித் துணியோடு நிறுத்தியிருந்தேன். பக்கிங்ஹாம் அண்டு கர்னாடிக் ஆலையில் நெய்த காக்கி ட்ரில் இரண்டு உலகப் போர்களிலும் சிப்பாய்களின் உடம்பில் ஏறியது. பிறகு போலீஸ்காரர், தபால்காரர், பள்ளிப் பையன் வரை வந்து சேர்ந்தது. ஆலை 1996இல் மூடப்பட்டது. அந்த வருடம் பெரம்பூரில் வேலை போனவர்கள் எத்தனை பேர், கந்துவட்டிக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்பதெல்லாம் தனிக் கதை. நான் இன்று சொல்ல வந்தது அதே வருடம் எங்கள் தெருவுக்குத் திரும்பி வந்த ஒருவரைப் பற்றி.

எங்களுக்கு அவர் 'மிலிட்டரி மாமா'. 18 வயதில், 1975இல், குன்னூருக்குப் பக்கத்திலுள்ள வெலிங்டனுக்குப் போய் மெட்ராஸ் ரெஜிமென்டில் சேர்ந்தவர். 21 வருடம் கழித்து ஹவில்தாராக, கறுப்பு டிரங்குப் பெட்டியும் சுருட்டிய படுக்கையுமாக வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது 39. அண்ணன் பின்னி ஆலையில் நெசவுப் பிரிவு. வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்தார். மாமாவின் மூத்த பெண்ணுக்குப் பள்ளிக் கட்டணம், இளையவனுக்கு ஆஸ்துமா. பென்ஷன் வந்தது. ஆனால் அது ஒருவருக்கான பென்ஷன், இரண்டு குடும்பத்துக்கானது அல்ல. ஓர் ஏ.டி.எம். வாசலில் செக்யூரிட்டி வேலை கிடைத்தது. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், பிளாஸ்டிக் நாற்காலி. மூன்று மாதம் போனார். 1997இல் ஒருநாள் மறுபடியும் டிரங்குப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க மாமா?"

"கண்ணூர் போறேன் தம்பி. டி.எஸ்.சி."

"அது இன்னா?"

"பட்டாளம்தான். ஆனா இந்தத் தபா சிப்பாய்."

பெரம்பூரில் பட்டாளம் என்றால் இரண்டு அர்த்தம். ஓட்டேரிப் பக்கம் அந்தப் பெயரிலேயே ஒரு பேட்டை இருக்கிறது. "பட்டாளம் போயிட்டு வரேன்" என்று கிளம்பியவர் கால் மணி நேரத்தில் கத்தரிக்காயோடு திரும்பலாம், இருபது வருடம் கழித்தும் திரும்பலாம். மாமா போனது இரண்டாவது வகை, அதுவும் இரண்டாவது தடவை.

டி.எஸ்.சி. என்பது டிஃபென்ஸ் செக்யூரிட்டி கோர், அதாவது பாதுகாப்புக் காவல் படை. இந்திய ராணுவத்தின் பெரிய கோர்களில் ஒன்று. ஆனால் குடியரசு தின அணிவகுப்பை விழுந்து விழுந்து பார்ப்பவர்களுக்குக்கூடப் பெயர் தெரியாது. ராணுவக் கிடங்கு, விமானப்படைத் தளம், கப்பற்படை முகாம், படைக்கலத் தொழிற்சாலை, பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவற்றின் வாசலில் துப்பாக்கியோடு நிற்பவர்கள் இவர்கள். பெரம்பூரில் மின்சார வண்டி ஏறி, கேரேஜ் ஒர்க்ஸ், லோகோ ஒர்க்ஸ், வில்லிவாக்கம், அம்பத்தூர் தாண்டி ஆவடியில் இறங்கினால் இவர்கள் காக்கும் மதில்களைப் பார்க்கலாம்.

இந்தப் படையின் விசித்திரம் அதன் ஆள்சேர்ப்பில் இருக்கிறது. மற்ற எந்தப் பிரிவும் பதினெட்டு, இருபது வயதுப் பையன்களைத் தேடும். டி.எஸ்.சி. தேடுவது ஏற்கெனவே ஒருமுறை பணி முடித்து, விடைபெற்று, பென்ஷன் வாங்கத் தொடங்கிய ஆட்களை. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் நடத்தை நல்லபடி எழுதியிருக்க வேண்டும், உடம்பு தேற வேண்டும், ஓட வேண்டும். இன்னொரு நிபந்தனையும் உண்டு. பொதுக் காவல் பணிக்குச் சேர்பவர் முந்தைய ரேங்கைக் கழற்றிவைத்துவிட்டுச் சிப்பாயாகச் சேர வேண்டும். நாயக்காக இருந்தவரும் சிப்பாய், ஹவில்தாராக இருந்தவரும் சிப்பாய். அதற்குச் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பதக்க ரிப்பன்கள் மட்டும் நெஞ்சிலேயே இருக்கும், அதை யாரும் எடுக்க முடியாது. ஆக, நெஞ்சைப் பார்த்தால் இருபது வருடப் பட்டாளத்தான், கையைப் பார்த்தால் நேற்று வந்த ரெக்ரூட்.

மாமாவிடம் பல வருடம் கழித்து இதைக் கேட்டேன். "ஹவில்தாரா இருந்துட்டு சிப்பாயா நிக்கறது கஷ்டமா இல்லையா மாமா?"

"நிக்கறது கஷ்டமே இல்லப்பா, நின்னு பழகின காலுதானே. ரோல் கால்ல பேருக்கு முன்னாடி 'சிப்பாய்'னு கூப்புடுவான் பாரு, மொத ஆறு மாசம் அது வேற யாரோன்னு நெனச்சிக்கினு சும்மா நின்னுடுவேன். அப்புறம் பக்கத்துல இருக்கறவன் இடிப்பான். அவன் மட்டும் இன்னா, அவனும் எக்ஸ் ஹவில்தார்தான்."

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் விஷயம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தனியாக ஒருவன் கீழே இறங்கினால் அது அவமானம். ஒரு வரிசையே சேர்ந்து இறங்கினால் அது வேலை நிபந்தனை.

இந்தப் படை எப்படிப் பிறந்தது? 1947 பிப்ரவரி 25 அன்று, 'டிஃபென்ஸ் டிபார்ட்மென்ட் கான்ஸ்டபுலரி' என்ற பெயரில் மதுராவில் இதன் மையம் தொடங்கியது. தேதியைக் கவனியுங்கள், சுதந்திரத்துக்கு ஆறு மாதம் முன்பு. இரண்டாம் உலகப் போரில் இந்திய ராணுவம் 25 லட்சம் பேர் வரை வீங்கியிருந்தது. போர் முடிந்ததும் லட்சக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் போருக்காகக் கட்டிய டிப்போக்களும் வெடிமருந்துக் கிடங்குகளும் நாடு முழுக்க அப்படியே இருந்தன. ஒரு பக்கம் வேலையில்லாத பழைய சிப்பாய், இன்னொரு பக்கம் காவலில்லாத கிடங்கு. இரண்டையும் முடிச்சுப் போட ஒரு ராஜதந்திரியும் தேவையில்லை, நல்ல குமாஸ்தா போதும். அடுத்த வருடம், 1948 மே மாதம், மையம் கண்ணூருக்கு மாறியது. இன்றுவரை பர்ணசேரி கன்டோன்மென்டில்தான் இருக்கிறது. 'கான்ஸ்டபுலரி' என்ற போலீஸ் வாசனையடிக்கும் பெயர் 1950களின் கடைசியில்தான் போனது. சென்ட்ரலில் கிளம்பி பெரம்பூரைத் தாண்டி மேற்கே ஓடும் மங்களூர் வண்டி கண்ணூர் வழியாகத்தான் போகிறது. நம் ஊர்ப் பழைய ஹவில்தார்கள் சிப்பாயாகத் திரும்பிய பாதை அந்தத் தண்டவாளம்தான்.

இப்போது கொஞ்சம் பின்னால் போவோம், ஏனென்றால் வயதான சிப்பாயை என்ன செய்வது என்ற கேள்வி இந்த ஊருக்குப் புதிதல்ல. கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் படையில் பதவி உயர்வு பெரும்பாலும் மூப்பைப் பார்த்தே வந்தது. சுபேதார் ஆவதற்குள் தலை நரைத்துவிடும். களத்துக்கு ஆகாதவர்களைக் கம்பெனி உடனே வீட்டுக்கு அனுப்பவில்லை. 'வெட்டரன் பட்டாலியன்' என்று தனியாக வைத்து, கோட்டைக்கும் கஜானாவுக்கும் காவல் போட்டது. ஐரோப்பியருக்கு ஒன்று, நம்மவர்களுக்கு வேறு. பல்லாவரத்தில் இன்னும் 'வெட்டரன் லைன்ஸ்' என்று ஓர் இடம் இருக்கிறது, ஆட்டோக்காரரிடம் சொன்னால் கொண்டுபோய் விடுவார். டி.எஸ்.சி.யின் வேலையை இருநூறு வருடம் முன்பே இவர்கள் செய்திருக்கிறார்கள். ஒரே ஒரு வித்தியாசம், அவர்கள் சுபேதார் என்றால் சுபேதாராகவே கிழடானார்கள்.

பெரம்பூருக்கென்றே ஒரு விநோதமான உதாரணம் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள்மீது குண்டு போட்டதைப் பற்றி எழுதியபோது, ரயில்வே தொண்டர் படையைத் தொட்டுவிட்டுப் போனேன். மெட்ராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வே ரைஃபிள்ஸ் என்று பெயர். ரயில்வேயில் வேலை பார்த்த வெள்ளைக்காரர்களும் ஆங்கிலோ இந்தியர்களும் சேர்ந்த பகுதிநேரப் படை. 1917இல் இப்படிப்பட்ட தொண்டர் படைகள் எல்லாம் இந்தியப் பாதுகாப்புப் படைக்குள் வந்தன, 1920க்குப் பிறகு ஆக்ஸிலரி ஃபோர்ஸ் என்று ஆயின, 1947இல் கலைந்தன. இந்த ரயில்வேப் படைகளில் ரேங்க் வரிசை ஏறக்குறைய ரயில்வே வரிசையின் நகல். மேல் அதிகாரி கர்னல், இன்ஜினியர் கேப்டன், ஃபோர்மேன் சார்ஜென்ட், ஃபிட்டர் வெறும் பிரைவேட். இங்கேயே டிஸ்சார்ஜ் வாங்கிக்கொண்டு கார்டாகவோ டிரைவராகவோ ரயில்வேயில் சேர்ந்த பழைய பிரிட்டிஷ் சோல்ஜர்கள் நிறையப் பேர். நிஜமான போரைப் பார்த்தவன், கணக்குப் புத்தகத்தைத் தவிர வேறெதையும் பார்க்காத மேலதிகாரிக்கு ஞாயிற்றுக்கிழமை பரேடில் சல்யூட் அடிக்கும் நிலை இதில் இயல்பாகவே வரும். திங்கட்கிழமையும் அதே ஆளுக்குத்தான் சல்யூட். இதில் ஒரு சௌகரியம் இருந்தது என்றும் சொல்லலாம், இரண்டு வரிசைகளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

ரேங்கைத் தானாக உதறியவர்களில் உலகப் புகழ் பெற்றவர் டி. ஈ. லாரன்ஸ். அரேபியாவில் கர்னலாக இருந்தவர், 1922இல் ஜான் ஹியூம் ராஸ் என்ற பொய்ப் பெயரில் பிரிட்டிஷ் விமானப்படையின் கடைநிலையில் சேர்ந்தார். பத்திரிகைகள் கண்டுபிடித்ததும் வெளியேற்றினார்கள். ஷா என்ற பெயரில் டாங்கிப் படைக்குப் போய், மறுபடி விமானப்படைக்கே வந்து, 1927இல் கராச்சியிலும் அடுத்த வருடம் வடமேற்கு எல்லையிலுள்ள மிரான்ஷாவிலும் சாதாரண ஏர்மேனாக வேலை பார்த்தார். இலக்கியவாதிகளுக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. லாரன்ஸுக்குப் புகழிலிருந்து தப்ப வேண்டியிருந்தது. மிலிட்டரி மாமாவுக்கு மளிகைக் கடைப் பாக்கியிலிருந்து. லாரன்ஸ் எந்த நேரமும் விட்டுவிட்டு எழுதப் போயிருக்கலாம், மாமாவால் முடியாது.

உண்மையில் இது வயதுக் கணக்கு. இந்தியச் சிப்பாய் சட்டென்று வெளியே வந்துவிடுகிறான். 1960களில் பெரும்பாலான காலாட்படைச் சிப்பாய்களுக்கு ஏழு வருடப் பணி, எட்டு வருட ரிசர்வ் என்று ஒப்பந்தம். முப்பது வயதுக்குள் ஊருக்கு வந்துவிடுவான், கூப்பிட்டால் திரும்பப் போக வேண்டும். 1962 சீனப் போரின்போதும் 1965இலும் ரிசர்விஸ்டுகளைக் கூப்பிட்டார்கள். ஏர் பிடித்துக்கொண்டிருந்தவனும் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவனும் கிளம்பினார்கள். பிறகு பணிக்காலம் நீண்டது. குறைந்தது 15 வருடம் இருந்தால் சிப்பாய்க்குப் பென்ஷன் என்றாயிற்று. அப்படியும் கணக்கு உதைக்கும். அரசு அலுவலகக் குமாஸ்தா அறுபதில் ஓய்வு பெறுகிறார், பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு. சிப்பாயோ பிள்ளை ஐந்தாம் வகுப்பு படிக்கும்போதே ஓய்வு பெறுகிறான்.

அப்படி வருபவனுக்கு முன்னால் சில கதவுகள் உண்டு. மத்திய அரசின் கடைநிலைப் பணிகளில் முன்னாள் படைவீரர் ஒதுக்கீடு, ரயில்வே கேட் கீப்பர், வங்கிக் காவலாளி, தனியார் செக்யூரிட்டி. பெரம்பூரைச் சுற்றி ரயில்வே என்பதால் இங்கே முதல் ஆசை ரயில்வேதான். எல்லாக் கதவுக்கு உள்ளேயும் ரேங்க் போய்விடும் என்பதை மறந்துவிடக் கூடாது. பத்துப் பேரை அதட்டிய ஹவில்தார், லெவல் கிராஸிங்கில் ஸ்கூட்டர்காரனிடம் திட்டு வாங்குவார். அதைப் பார்க்க, டி.எஸ்.சி.யில் ரேங்க் குறைகிறதே தவிர பாஷை மாறுவதில்லை. அதே விசில், அதே மெஸ், அதே 'சாப்'. கேட்டில் நிற்பவன் காவலாளி இல்லை, சிப்பாய். மாமா ஏ.டி.எம். வாசல் வேலையைப் பற்றி ஒரே ஒரு குறைதான் சொன்னார்: "அங்க ராத்திரி டூட்டி மாத்த வர்றவன் 'வந்துட்டேன்'னு கூட சொல்ல மாட்டான்பா. வந்து உக்காந்துடுவான்."

பணக் கணக்கும் உண்டு, அதை மறைத்து வீரக் கதையாக்குவது நேர்மையில்லை. டி.எஸ்.சி.யில் சேரும்போது இரண்டு வழி. ஒன்று, பழைய பென்ஷனை நிறுத்திவிட்டு, பழைய பணிக்காலத்தைப் புதியதோடு சேர்த்துக் கணக்கிடச் சொல்லலாம். அல்லது பழைய பென்ஷனை வாங்கிக்கொண்டே, புதிய சம்பளத்தில் பூஜ்யத்திலிருந்து தொடங்கலாம். பின்னதைத் தேர்ந்தெடுத்து 15 வருடம் முடித்தால் இரண்டாவது பென்ஷன் வரும். பெரும்பாலும் முதலில் பத்து வருட ஒப்பந்தம், பிறகு ஐந்து வருட நீட்டிப்பு. பட்டை இறங்கியதற்கு விலை என்று ஒன்று உண்டென்றால் அது இந்த இரண்டாவது பென்ஷன்தான்.

அந்த விலையையும் எல்லாருக்கும் கொடுக்க அரசுக்கு மனம் வரவில்லை. பதினைந்து வருடத்துக்குச் சில மாதம் குறைந்தால் அதைப் பொறுத்துக்கொள்ளும் வழக்கம் ராணுவப் பென்ஷன் விதிகளில் இருந்தது. 2001இல் அந்த வரம்பு ஒரு வருடமாக உயர்ந்தது. ஆனால் இந்தச் சலுகை முதல் பணிக்கு மட்டும், இரண்டாவது பென்ஷனுக்குக் கிடையாது என்று பாதுகாப்பு அமைச்சகம் 2017 ஜூனில் ஒரு விளக்கக் கடிதம் எழுதியது. 'ஒரு பென்ஷன்தான் ஏற்கெனவே வருகிறதே' என்பது உள்ளே இருந்த வாதம். பதினான்கு வருடம் சொச்சம் வாசலில் நின்ற முன்னாள் நாயக்குகளும் ஹவில்தார்களும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். பல அமர்வுகள் அமைச்சகத்தின் வாதத்தை ஏற்கவில்லை: டி.எஸ்.சி. பணியும் ராணுவப் பணிதான், விதியில் இல்லாத வேறுபாட்டைக் கடிதத்தால் நுழைக்க முடியாது என்ற போக்கில் தீர்ப்புகள் வந்தன. எனக்கு இதில் அமைச்சகத்தின் மீதுதான் வருத்தம். ரேங்கை விட்டுக்கொடுத்து வா என்று கூப்பிட்டவர்கள், ஏழெட்டு மாதத்தை விட்டுக்கொடுக்க மறுத்தார்கள்.

காவல் வேலை என்றால் சும்மா நிற்பது என்று நினைப்பவர்களுக்கு 2016 ஜனவரி 2. பதான்கோட் விமானப்படைத் தளத்துக்குள் விடியும் முன்பே பயங்கரவாதிகள் தாக்கத் தொடங்கினார்கள். அந்தத் தாக்குதலில் இறந்த ஏழு பாதுகாப்புப் படையினரில் ஐந்து பேர் டி.எஸ்.சி. டோக்ரா ரெஜிமென்டில் பணி முடித்து வந்த சிப்பாய் ஜக்தீஷ் சந்த் கையில் அப்போது ஆயுதமே இல்லை. ஒருவனைத் துரத்திப் பிடித்து, அவன் துப்பாக்கியைப் பறித்து அவனையே சுட்டார். மற்றவர்கள் அவரைச் சுட்டார்கள். கீர்த்தி சக்கரம் மறைவுக்குப் பின் கிடைத்தது. அதே நாளில் இறந்த ஃபதே சிங், 1995 காமன்வெல்த் துப்பாக்கி சுடும் போட்டியில் தங்கம் வென்றவர், கௌரவ கேப்டன் மரியாதையோடு ஓய்வு பெற்றவர். தொலைக்காட்சிகள் அன்று கமாண்டோக்களின் வருகையைப் பற்றித்தான் அதிகம் பேசின. முதலில் எதிர்கொண்டவர்கள் ஏற்கெனவே ஒருமுறை ஓய்வு பெற்றவர்கள்.

இதற்கு நேர் எதிர்த் திசையும் நம் ராணுவத்தில் உண்டு. 1949 அக்டோபர் 9 அன்று கவர்னர் ஜெனரல் ராஜாஜி தொடங்கிவைத்த பிராந்திய ராணுவம் புகழ்பெற்றவர்களுக்குக் கௌரவ ரேங்க் வழங்கும். தோனி 2011இல் லெப்டினன்ட் கர்னல் ஆனார். பாவம், அவர் 2019இல் காஷ்மீருக்குப் போய்ப் பட்டாலியனோடு இருந்தும் வந்தார், அதைக் குறை சொல்லவில்லை. கிரிக்கெட் மைதானத்திலிருந்து நேராகக் கர்னலாகவும் முடிகிறது, இருபது வருடப் பணியிலிருந்து நேராகச் சிப்பாயாகவும் முடிகிறது. மிலிட்டரி மாமா தோனி ரசிகர் என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

திரும்ப வரும் மனசு சாதாரணச் சிப்பாய்களோடு நிற்பதில்லை. கொரோனா இரண்டாவது அலையில், 2021 மே மாதம், சமீபத்தில் வெளியேறிய 400 ராணுவ மருத்துவர்களை அதிகபட்சம் பதினொரு மாத ஒப்பந்தத்தில் திரும்ப எடுத்துக்கொள்ள உத்தரவு வந்தது. 2025 மேயில் எல்லையில் சண்டை மூண்டதையொட்டி, ஜம்மு காஷ்மீரில் மின் நிலையம், பாலம் போன்றவற்றைக் காக்க முன்னாள் படைவீரர்களைத் திரட்டினார்கள். முன்வந்தவர்கள் 4,000 பேர். அங்கே யாருக்கும் ரேங்க் என்ற பேச்சே எழவில்லை, எல்லோரும் தன்னார்வலர்.

மாமா டி.எஸ்.சி.யில் 15 வருடம் முடித்தார். வடக்கே இரண்டு விமானப்படைத் தளங்கள், மகாராஷ்டிராவில் ஒரு வெடிமருந்துக் கிடங்கு, கடைசியில் வீட்டுக்குப் பக்கத்தில் ஆவடி. 2012இல், 55 வயதில், நாயக்காக வெளியே வந்தார். சிப்பாயாக இறங்கி மறுபடியும் இரண்டு பட்டை வாங்கியிருந்தார், மூன்றாவது பட்டைக்குக் காலம் போதவில்லை. பெண் செவிலியர் ஆனாள். பையனின் ஆஸ்துமா தானாகவே போய்விட்டது. தெருவில் எல்லாரும் ஹவில்தார் என்றுதான் கூப்பிடுவார்கள், அவர் ஒருபோதும் திருத்தியதில்லை.

வருடாவருடம் நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்க அவரோடு நான்தான் போவேன். ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் இரண்டு பென்ஷன் ஆணைகளை மடித்து வைத்திருப்பார். ஒன்றில் ஹவில்தார், இன்னொன்றில் நாயக். போன நவம்பரில் கவுன்ட்டரில் இருந்த பெண் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "சார், ரெண்டு பேரா?" என்று கேட்டாள்.

"ஒரே ஆள்தாம்மா," என்று கட்டைவிரலை மெஷினில் வைத்தார் மாமா. காக்கி நூல் நெய்த குடும்பத்துக் கை. ரேகை தேய்ந்திருந்ததால் மூன்றாவது தடவைதான் எடுத்தது.

(தொடரும்)